கட்டிலில் கிடக்கிற மாதங்களின் காசு

இந்தத் தடவை வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், மூன்று கடிதங்களில் சங்கதி ஒன்றுதான். ஆள் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், அந்த நாட்களில் அவருக்குச் சேரவேண்டிய காசு வருமா, வராதா? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். மிளகுக் கொடி வாடுகிறது என்று எழுதிய மாத்தளை நண்பர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: அண்ணே, என் தம்பிக்கு 26 வயது. பிறந்ததிலிருந்து நடக்க முடியாது, பேச்சும் தெளிவில்லை. அவன் பெயரில் மாதம் 10,000 ரூபா வலது குறைந்தோர் கொடுப்பனவு வருகிறது. நெஞ்சில் சளி கட்டி, படுக்கைப் புண்ணும் வந்து பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டரை மாதமாகிறது. அம்மா அவனோடேயே நிற்கிறார். 28 நாளுக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தால் காசை வெட்டிவிடுவார்கள், எடுத்த காசையும் திருப்பிக் கேட்பார்கள் என்று எங்கள் லயத்தில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அம்மா இரண்டு நாளாகத் தூங்கவில்லை.
- ஹப்புத்தளை வாசகர்

பதில்: முதலில் அம்மாவைத் தூங்கச் சொல்லுங்கள் தம்பி. அந்த 28 நாள் நம் ஊர்ச் சரக்கு இல்லை, பிரித்தானியாவிலிருந்து வந்தது. அங்கே உறவுக்காரர் யாரோ போனில் சொன்னது லயத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது, இது என் ஊகம். அடுத்த கேள்வியில் அந்தக் கணக்கை விவரமாகச் சொல்கிறேன், படித்துவிட்டு அந்த அண்ணனுக்கும் காட்டுங்கள்.

இங்கே கொடுக்கிற காசு ஆளின் இயலாமையையும் குடும்பத்தின் வருமானத்தையும் பார்த்துக் கொடுப்பது. 2023 இல் 5,000 ஆக இருந்தது, பிறகு 7,500 ஆகி, 2025 இல் 10,000 ஆனது. தம்பி ஆஸ்பத்திரிக்குப் போனதால் அவன் இயலாமை குறைந்துவிடவில்லை, உங்கள் வீட்டு வருமானமும் கூடிவிடவில்லை. அம்மா மலைக்கு வேலைக்குப் போகாததால் வருமானம் குறைந்துதான் இருக்கும். இந்தக் காசும், குடும்பத்துக்கு வருகிற அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் காசும் வேறுவேறு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் காட்டி மற்றதை மறுத்தால் பேசாமல் திரும்பி வராதீர்கள்.

நான் பயப்படுகிற இடம் வேறு. நம் பக்கத்தில் காசு நிற்பது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, ஆள் இல்லாததால். கிராம உத்தியோகத்தர் விவரம் பார்க்க வருகிற அன்றைக்கு வீடு பூட்டிக் கிடக்கும், அடுத்த லயத்துக்காரர் "அவங்க இல்லீங்க" என்பார், அந்த ஒரு சொல் தாளில் ஏறிவிடும். கடிதம் வந்தால் அது தோட்டத்து ஆபீஸ் பெட்டியில் ஒரு மாதம் கிடக்கும். அதனால் அம்மா ஆஸ்பத்திரியை விட்டு வரவேண்டாம், நீங்கள் போங்கள். வார்டில் டாக்டரிடம், இன்ன திகதியிலிருந்து இன்னார் இங்கே தங்கிச் சிகிச்சை பெறுகிறார் என்று ஒரு கடிதம் வாங்கி, அதன் பிரதியோடு "தம்பி இந்த ஆஸ்பத்திரியில், காசு வாங்குகிற அம்மாவும் துணைக்கு அங்கேதான்" என்று பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தருக்கு எழுத்தில் கொடுங்கள். இன்னொரு பிரதியில் கிடைத்தது என்று கையெழுத்தும் திகதியும் வாங்காமல் படியிறங்க வேண்டாம்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். என் அம்மா ஐந்து மாதம் ஒரே வார்டில் கிடந்தார். அப்போது ஒரு காரியாலயத்தில் (எது என்று சொல்லவில்லை, அங்கே இருந்தவரும் இப்போது மாறிப் போய்விட்டார்) மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார்: "ஆஸ்பத்திரியில அரசாங்கமே மூணு வேளை சோறு போடுதே, பிறகு எதுக்கு உங்களுக்கு இந்தக் காசு?" என் தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து மேசையில் விரித்து வைத்தாள். ஒரு பக்கம் முழுக்க பஸ் காசு, போக ஒன்று, வர ஒன்று. அடுத்த பக்கத்தில் பம்பர்ஸ், டெட்டோல், வெளியே எடுத்த இரத்தப் பரிசோதனை, ஆஸ்பத்திரியில் இல்லை என்று எழுதிக்கொடுத்த மருந்து, சுடுதண்ணிப் போத்தல் உடைந்து புதிதாக வாங்கியது. கடைசிப் பக்கத்தில் காசே இல்லை, திகதிகள் மட்டும்: அவள் வேலைக்குப் பேர் போடாத நாட்கள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காசு அந்த மாதமே வந்தது என்று கதைவிட மாட்டேன், மூன்று தடவை நடந்த பிறகுதான் வந்தது. ஆனால் அந்தக் கேள்வியை அவர் பிறகு கேட்கவில்லை. நீங்களும் ஒரு கொப்பி போடுங்கள்.

உண்மையிலேயே காசை நிறுத்தினால், எந்தச் சுற்றறிக்கையின்படி நிறுத்தினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். வாயால் "இல்லை" என்பவர்கள் எழுத்தில் அதே "இல்லை"யைச் சொல்ல ரொம்ப யோசிப்பார்கள். அஸ்வெசும பற்றிய முறைப்பாட்டுக்கு 1924 என்ற இலக்கமும் இருக்கிறது, ஆனால் என் நம்பிக்கை தாளில்தான்.

கேள்வி: ஐயா, என் அக்கா இங்கிலாந்தில் குரோய்டனில் இருக்கிறார். வயது 52. ஏற்கெனவே மூட்டு நோயால் நடக்கக் கஷ்டம், அதற்காக 'பிப்' என்று ஒரு காசு வந்துகொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, இப்போது உடற்பயிற்சி கொடுக்கிற வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒரு மாதத்தில் அந்தக் காசு நின்றுவிட்டதாம். அக்காவைப் பார்த்துக்கொள்கிறாள் என்று மகளுக்கு வந்த காசும் நின்றுவிட்டது. அக்கா அனுப்புவதில்தான் இங்கே எங்கள் அம்மாவின் மருந்துச் செலவு போகிறது. இனி வரவே வராதா? அக்காவின் மகள் அழுகிறாள், எங்களுக்கு இங்கிருந்து என்ன சொல்வதென்று தெரியவில்லை.
- தலவாக்கலை வாசகி

பதில்: வரும். அந்த உரிமை ரத்தாகவில்லை, கொடுப்பதைத்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அக்கா வீடு திரும்பியதும் திரும்பத் தொடங்கும். புதிதாக விண்ணப்பம் போடத் தேவையில்லை, ஆனால் வீட்டுக்கு வந்த திகதியை அக்காவின் மகள் உடனே அறிவிக்கவேண்டும்.

மேலே சொன்ன 28 நாள் இதுதான். பிரித்தானியாவில் பிப் வாங்குகிற ஒருவர் தேசிய சுகாதார சேவையின் செலவில் ஆஸ்பத்திரியில் 28 நாளுக்கு மேல் தங்கினால் அந்தக் காசு நின்றுவிடும், அன்றாடப் பராமரிப்புக்கான பகுதி, நடமாட்டத்துக்கான பகுதி இரண்டுமே. புனர்வாழ்வு வார்டும் அதே சேவையின் செலவில்தான் நடக்கிறதென்றால் அதுவும் ஆஸ்பத்திரிக் கணக்குத்தான், வார்டு மாறியதால் எண்ணிக்கை புதிதாகத் தொடங்காது. ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்கள் வாங்குகிற அட்டெண்டன்ஸ் அலவன்ஸுக்கும் இதே விதிதான். மகளுக்கு வந்தது, பார்த்துக்கொள்கிறவருக்குக் கொடுக்கிற கெயாரர்ஸ் அலவன்ஸாக இருக்கவேண்டும். அது தாயின் பிப்பில் அன்றாடப் பராமரிப்புப் பகுதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கொடி, மரம் சாய்ந்தால் அதுவும் சாயும்.

நாள் எண்ணுவதில் இரண்டு மூன்று நுணுக்கம் இருக்கிறது, அக்காவின் மகளுக்கு இதை அப்படியே அனுப்புங்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளையும் வெளியேறின நாளையும் தங்கின நாளாக எண்ணக்கூடாது. வீட்டுக்கு வந்து 28 நாளுக்குள் மறுபடியும் சேர்த்தால் பழைய நாட்களும் புதிய நாட்களும் ஒன்றாகக் கூட்டப்படும், இது தெரியாமல் பலர் மாட்டுகிறார்கள். அதேபோல, இடையில் சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு விட்டுப் பார்ப்பார்கள் இல்லையா, பாரிசவாதக்காரருக்கு அது வழக்கம், அந்த வீட்டு நாட்களுக்கு நாள் கணக்கில் காசு கிடைக்கும். கேட்டால்தான் கிடைக்கும். எந்த வெள்ளி வந்தார், எந்தத் திங்கள் போனார் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்ததை அறிவிக்காமல் விட்டுக் காசு வந்துகொண்டிருந்தால் பிறகு அதைத் திருப்பி வாங்குவார்கள், அதனால் போனதையும் சொல்லவேண்டும், வந்ததையும் சொல்லவேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே, உள்ளூராட்சி செலவு கொடுக்கிற பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பினால் கதை கொஞ்சம் மாறும். அங்கே அன்றாடப் பராமரிப்புப் பகுதிதான் நிற்கும், நடமாட்டப் பகுதி வரும். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கொடுக்கிற யூனிவர்சல் கிரெடிட் வாங்கினால் அதன் அடிப்படைத் தொகையை இந்த 28 நாள் விதி தொடுவதில்லை.

இந்த விதிக்குப் பின்னால் இருக்கிற யோசனை, ஆஸ்பத்திரியில் சாப்பாடும் பராமரிப்பும் அரசு கொடுக்கிறது, அதே தேவைக்கு இரண்டு தடவை கொடுக்கவேண்டாம் என்பது. என் அம்மாவின் காரியாலயக்காரர் கேட்ட அதே கேள்விதான், அங்கே சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகளுக்கும் முன்பு இப்படி ஒரு எல்லை இருந்தது, 84 நாள். ஒரு சின்னப் பையன் ஒரு வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தான், தாயும் தகப்பனும் கூடவே இருந்து பார்த்தார்கள், காசு வெட்டப்பட்டது, வழக்குப் போட்டார்கள். பிள்ளை இறந்த பிறகும் தகப்பன் விடவில்லை. 2015 இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிள்ளை ஆஸ்பத்திரியில் இருப்பதால் பெற்றோரின் வேலையும் செலவும் குறைவதில்லை என்பதை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு 2016 இலிருந்து, 18 வயதுக்கு முன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு அந்த வெட்டு இல்லை. பெரியவர்களுக்கு இன்னும் இருக்கிறது. அக்காவுக்குப் பக்கத்தில் மகள் எத்தனை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தாலும் 29 ஆம் நாள் 29 ஆம் நாள்தான். எனக்கு அது நியாயமாகப் படவில்லை, ஆனால் நீங்கள் கேட்டது என் அபிப்பிராயத்தை இல்லை.

அம்மாவின் மருந்துக்கு, சர்க்கரை பிரஷர் மாத்திரை என்றால் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் பதிந்துவிடுங்கள். அக்கா காசு வருகிற வரைக்குமாவது பார்மசியை விடுங்கள்.

கேள்வி: அண்ணே, எங்க வீட்டுக்காரர் தோட்டத்தில் சவுக்கு மரக் கிளை வெட்டும்போது விழுந்து முதுகெலும்பில் அடி. முதலில் கண்டி ஆஸ்பத்திரி, இப்போது திகண புனர்வாழ்வு வைத்தியசாலை, நாலு மாதம் ஆகிவிட்டது. இடது கால் கொஞ்சம் அசைகிறது, வலது கால் இன்னும் இல்லை. தோட்டத்தில் 40,000 ரூபா தருகிறோம், இதோடு முடிந்தது என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். அது கைக்காசு வேலை, செக்ரோலில் (தோட்டத்து வேலையாள் பதிவில்) பேர் இல்லை என்றும் சொல்கிறார்கள். ஈ.பி.எஃப். காசை எடுத்துவிடு என்கிறார் மச்சான். வலது குறைந்தோர் காசுக்கு எழுதிப்போடலாமா என்று கேட்டதற்கு, ஆள் வீட்டுக்கு வரட்டும் பார்க்கலாம் என்றார்கள். எனக்கு இரண்டு பிள்ளை. என்ன செய்யட்டும்?
- பொகவந்தலாவ வாசகி

பதில்: தங்கச்சி, கையெழுத்துப் போடாதீர்கள். இந்தப் பத்தியில் வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டும் படியுங்கள். அவர் ஏற்கெனவே கட்டிலில் படுத்தபடி கைநாட்டு வைத்துவிட்டார் என்றாலும் மனம் விடவேண்டாம், நட்டஈட்டு உரிமையைக் கைவிடுகிறேன் என்று எழுதிக்கொடுக்கிற தாளைச் சட்டம் ஏற்பதில்லை. நட்டஈட்டுத் தொகை பற்றி உடன்பாடு செய்தால் அது தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிவாகவேண்டும். ஆபீஸ் லாச்சிக்குள் போகிற வெள்ளைத் தாள் அது இல்லை.

சட்டம் பழையது, 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். நம் தாத்தா காலத்துச் சட்டம், ஆனால் நம் லயங்களில் இதைத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வேலையின்போது வேலையால் அடிபட்டால், யார் பிழை என்று பார்க்காமல் முதலாளி நட்டஈடு கொடுக்கவேண்டும். ஆள் வேலைக்குப் போகமுடியாமல் கிடக்கிற காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒரு தடவை கொடுப்பனவு. நிரந்தரமாக இயலாமை நின்றுவிட்டால், சம்பளத்தையும் இயலாமையின் அளவையும் வைத்துக் கணக்குப் பார்த்து மொத்தத் தொகை. ஆஸ்பத்திரியில் இருப்பது இதற்குத் தடையில்லை, அந்த அரை மாதக் கொடுப்பனவே இப்படிக் கிடக்கிற நாட்களுக்காக வைத்ததுதான். இன்னொன்று, 2022 திருத்தத்துக்குப் பிறகு வீட்டுக்கும் வேலைக்கும் இடையில் போய்வரும்போது நடக்கிற விபத்தும் இதற்குள் வருகிறது. உங்களுக்கு இது தேவையில்லை, ஆனால் லொறியில் ஏற்றிக்கொண்டு வேறு மலைக்குக் கொண்டுபோகிற இடங்களில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

கைக்காசு, கொந்தராத்து என்று சொன்னவுடனேயே தோட்டம் கைகழுவிவிட முடியாது. மரம் யாருடையது, வெட்டச் சொன்னது யார், கத்தியும் கயிறும் யார் கொடுத்தது, அன்று கூட நின்ற கங்காணி யார்? இதையெல்லாம் இப்போதே எழுதி வையுங்கள். அன்று கூட இருந்த இரண்டு பேரிடம் நடந்ததை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆறு மாதம் போனால் அவர்களுக்கும் பயம் வந்துவிடும், ஞாபகமும் மங்கிவிடும். "அன்னைக்குக் காலையிலயே குடிச்சிருந்தான்" என்று ஒரு கதை கட்டாயம் கிளம்பும், குடிபோதை நட்டஈட்டை மறுக்கச் சட்டத்தில் உள்ள காரணங்களில் ஒன்று, அதனால்தான் கிளம்பும். அதற்குப் பதில், தோட்டத்து மருந்துக்காரர் முதலில் எழுதிய துண்டிலும் முதல் ஆஸ்பத்திரியில் நோய் விவரம் எழுதிய டிக்கட்டிலும் இருக்கிறது, அவற்றின் பிரதிகளைக் கேட்டு வாங்குங்கள். விபத்து நடந்த நாள், இடம், எப்படி நடந்தது என்று துரைக்கு ஒரு கடிதம், பிரதி ஆணையாளருக்கு, இரண்டும் பதிவுத் தபாலில். தபால் துண்டைத் தொலைக்காதீர்கள். வழி தெரியாவிட்டால் தொழிற்சங்கத்துக்கோ தொழில் அலுவலகத்துக்கோ போங்கள், சந்தா கட்டுவது கூட்டத்துக்குப் போய்க் கைதட்டுவதற்கு மட்டும் இல்லையே.

சரி, ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி. மச்சான் சொல்வதில் பாதி உண்மை. நிரந்தரமாக முற்றாக வேலை செய்ய முடியாது என்று மருத்துவச் சான்று கிடைத்தால் 55 வயதுக்குக் காத்திருக்காமல் சேமலாப நிதியை எடுக்கலாம். ஆனால் இடது கால் அசையத் தொடங்கியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். திகணவில் அவரை எழுப்பி நிறுத்தப் பாடுபடுகிற டாக்டரிடமே போய் "இனி முடியாது என்று எழுதித் தாங்க" என்று கேட்கப் போகிறீர்களா? அந்தக் காசு ஒரு தடவைதான் வரும், வந்தால் வீட்டுக் கடன், தாலிக்கொடி அடகு என்று ஒரு கிழமையில் போய்விடும். 10 வருடம் சேவையும், கணக்கில் 300,000 ரூபாவுக்குக் குறையாமலும் இருந்தால், மருத்துவச் செலவுக்கு என்று 30 வீதம் வரை முற்பணமாக எடுக்க வழி இருக்கிறது. அதை முதலில் விசாரியுங்கள், மிச்சம் அங்கேயே கிடக்கட்டும். ஈ.டி.எஃப்., அதாவது முதலாளி மட்டும் மாதம் 3 வீதம் கட்டுகிற நம்பிக்கை நிதி, அதில் நிரந்தர இயலாமைக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் தனி உதவிகள் இருக்கின்றன. யாரும் கேட்பதில்லை, கேட்காததால் கொடுப்பதும் இல்லை. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கும் 2025 பெப்ரவரியிலிருந்து கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

அப்புறம் அந்த "வீட்டுக்கு வரட்டும் பார்க்கலாம்". அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள், தலைகீழான யோசனை அது. வலது குறைந்தோர் கொடுப்பனவுப் படிவத்தில் அரசாங்க டாக்டர் நிரப்பவேண்டிய பகுதி இருக்கிறது. இப்போது அவரைத் தினமும் பார்க்கிற விசேட வைத்தியர் பத்தடி தூரத்தில் நிற்கிறார். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அந்த ஒரு கையெழுத்துக்காக, படி இறக்கி, நாலு பேர் தூக்கி, முச்சக்கரவண்டி பிடித்துக் கிளினிக் வரிசையில் உட்காரவைக்க வேண்டும். படிவத்தைப் பிரதேச செயலகத்தில் வாங்கி நீங்களே திகணவுக்குக் கொண்டுபோங்கள். வார்டு டாக்டர் காலைச் சுற்று முடிந்து உட்காருகிற நேரம் பார்த்துக் கொடுங்கள், சுற்றுக்கு நடுவில் நீட்டினால் அது தலையணைக்கு அடியில்தான் போகும். அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், இதெல்லாம் நீங்கள் தயாராக வைத்திருங்கள். நட்டஈடு கேட்டிருக்கிறீர்களே என்று யாராவது இழுத்தால், அது முதலாளி கொடுக்கவேண்டிய கடன், இன்னும் கைக்கு வரவில்லை என்று சொல்லுங்கள்.

அதே பயணத்தில் இன்னொன்றும் கேளுங்கள். சக்கர நாற்காலி போன்ற உபகரணங்களுக்கும் வீட்டு வசதிக்கும் வலது குறைந்தோருக்கான தேசிய செயலகத்தின் உதவிகள் இருக்கின்றன, சமூக சேவை உத்தியோகத்தர் மூலமாகத்தான் போகவேண்டும், இன்று கொடுத்தால் இன்றே வராது. உங்கள் லயத்து வாசலில் எத்தனை படி, கக்கூஸ் எவ்வளவு தூரத்தில், கதவு எத்தனை அடி அகலம் என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள். நாற்காலி வந்த பிறகு கதவுக்குள் நுழையாமல் திண்ணையில் மழைக்கு நனைந்துகொண்டு நிற்பதை நான் இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன். திகணவில் பயிற்சி கொடுக்கிறவர்களிடம் அந்த அளவைக் காட்டினால் எந்த மாதிரி நாற்காலி சரி என்று அவர்களே சொல்வார்கள்.

எந்த ஆபீஸிலாவது சிங்களத்தில் மட்டும் தாள் கொடுத்தால், தமிழ்ப் படிவம் கேளுங்கள். புரியாமல் கையெழுத்து வேண்டாம், பதினைந்து நிமிடம் பிந்தினால் பஸ் ஒன்றுதான் போகும். தோட்டத்திலிருந்து மறுபடி யாராவது அந்த 40,000 ரூபாத் தாளைக் கொண்டுவந்தால் சண்டை பிடிக்காதீர்கள், போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, "ஆணையாளருக்கு எழுதியிருக்கிறோம், அங்கிருந்து வரட்டும்" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். அந்தப் படத்தை எனக்கும் அனுப்பி வையுங்கள்.